மத்திகிரி டீச்சரும் முன் சக்கரமும்

ஓசூர் பஸ் நிலையத்தில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடித்தால், டிக்கெட் வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணிப் பைக்குள் போட்டு நிமிர்வதற்குள் மத்திகிரி வந்துவிடுகிறது. அதற்குள் மூன்று பாஷைகள் காதில் விழுந்துவிடும். முன் ஸீட்டில் தெலுங்கு, பின் ஸீட்டில் கன்னடம், கண்டக்டரிடம் தமிழ். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழம்பு வைப்பவர்களும் உண்டு. கர்நாடக எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பெங்களூருக்கு 40 கிலோமீட்டர்தான்.

கடல் மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். ஆகவே வெயிலுக்குக் கூட இங்கே கொஞ்சம் மரியாதை தெரிந்திருக்கிறது. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி பக்கத்தில் இருக்கிறது. ரோஜாத் தோட்டங்கள் இருக்கின்றன. மத்திகிரி இப்போது தனி ஊர் அல்ல. ஓசூர் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. ஆனாலும் இங்கே உள்ளவர்களிடம் "எந்த ஊர்?" என்று கேட்டால், "மத்திகிரி" என்றுதான் சொல்கிறார்கள்.

இந்த ஊருக்குப் பழைய பெருமை ஒன்று உண்டு. 1824-ம் வருஷம் கிழக்கிந்தியக் கம்பெனியார், பட்டாளத்துக்குக் குதிரைகள் தயார் செய்வதற்காக இங்கே ஒரு பெரிய பண்ணை அமைத்தார்கள். நல்ல புல், நல்ல தண்ணீர், நல்ல குளிர். வேறென்ன வேண்டும் குதிரைக்கு? சரியாக நூறு வருஷம் கழித்து, 1924-ல், அது ராணுவத்தின் கையிலிருந்து மாறிக் கால்நடைப் பண்ணை ஆயிற்று. 1,600 ஏக்கருக்கு மேல் பரப்புள்ள அந்தப் பண்ணையை இன்று தமிழ்நாடு கால்நடைப் பராமரிப்புத் துறை நடத்துகிறது. ஒரு பக்கம் மாடு மேய்கிறது. மறு பக்கம் தொழிற்சாலைச் சங்கு ஊதுகிறது. 1980-ல் அசோக் லேலண்டுக்காரர்கள் ஓசூரில் லாரித் தொழிற்சாலை திறந்தார்கள். அதே சமயத்தில் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்து புறப்பட்டது. இப்போது மின்சார ஸ்கூட்டரும் ஓசூரில் செய்கிறார்கள். குதிரை போய் மோட்டார் வந்து, மோட்டாருக்குப் பெட்ரோல் போய் மின்சாரம் வந்தாலும், சக்கரம் மட்டும் இந்த ஊரை விட்டுப் போகவில்லை.

புது வண்டிகளைப் பற்றி எழுதுவதற்கு எத்தனையோ பேர் இருக்கிறார்கள். புது வண்டிகள் பிறக்கும் இந்த ஊரில், பழைய வண்டிகளுக்கு யார் வைத்தியம் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் நான் போனேன். விசாரித்ததில் எல்லோரும் ஒரே இடத்தைக் கை காட்டினார்கள். புளியமரத்தடியில் சிமெண்ட் தகடு வேய்ந்த ஒரு கொட்டகை. பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் தந்த நிறத்தில் ஓர் அம்பாஸடர் கார், இடது முன் காலைத் தூக்கிக் கொண்டு, முள் குத்திய யானை மாதிரி நின்று கொண்டிருந்தது.

அதன் பக்கத்தில் ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். கையில் நாற்பது பக்க நோட்டு. காதில் சொருகிய பென்ஸில். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். காரும் அவருடையதுதான், ஓட்டுவதும் அவர்தான். ஐம்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டாராம்.

"இதை வித்துட்டு நல்லதா ஒரு சின்னக் கார் வாங்கிக்கோன்னு பெங்களூர்ல இருக்கிற பிள்ளை தினம் போன் பண்றான், சார். எனக்கு ஆட்சேபணை இல்லை. எங்க அக்காவுக்குத்தான் ஆட்சேபணை" என்றார்.

அக்கா காருக்குள்ளேயே பின் ஸீட்டில் உட்கார்ந்திருந்தார். எழுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலும் மடங்குவதில்லை. சின்னக் கார்களில் ஏறுவதென்றால் பள்ளத்தில் இறங்குகிற மாதிரி குனிந்து, மடங்கி, விழ வேண்டியிருக்கிறது. அம்பாஸடரில் அந்தக் கஷ்டம் இல்லை. நாற்காலியில் உட்காருவது போல் உட்கார்ந்து காலை இழுத்துக்கொண்டால் போதும். ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் அவரை அழைத்துப் போக வேறு வண்டி சரிப்படவில்லை. 1958 முதல் 2014 வரை வங்காளத்தில் உத்தர்பாராவில் செய்த கார் அது. செய்கிறவர்கள் நிறுத்திவிட்டார்கள். முழங்கால்கள் நிறுத்தவில்லையே!

இன்னொரு நெருக்கடியும் இருந்தது. நம் நாட்டில் சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷம். அதற்குப் பிறகு ஐந்து ஐந்து வருஷமாகத்தான் புதுப்பித்துத் தருவார்கள். அதுவும் வண்டியைப் பரிசோதித்துத் தகுதி இருந்தால். டீச்சருடைய காருக்கு அந்தத் தேதி நெருங்கிக் கொண்டிருந்தது. சக்கரம் ஆடுகிற காருக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்?

மெக்கானிக்கை எல்லோரும் 'மேஸ்திரி' என்கிறார்கள். பேச்சு கம்மி. ஜாக்கியின்மேல் நின்ற சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். 'டொக், டொக்' என்றது. பையனைக் கூப்பிட்டு பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மறுபடி ஆட்டினார். சத்தம் இல்லை.

"பிரேக் மிதிச்சா ஆட்டம் நின்னுடுது பாருங்க. அப்போ கோளாறு ஸ்டியரிங் பக்கம் இல்லே, பேரிங் பக்கம்தான்" என்றார். பிறகு டீச்சரைத் திரும்பிப் பார்த்து, "இந்தப் பக்கம் பேரிங் எத்தனை தடவை மாத்தினீங்க, டீச்சரம்மா?"

டீச்சர் நோட்டைப் புரட்டினார். மூன்று தடவை, வெவ்வேறு இடங்களில். முதலாவது 11,000 கிலோமீட்டர் ஓடியது. இரண்டாவது 4,000. மூன்றாவது 900.

மேஸ்திரி அந்த மூன்று எண்களையும் கேட்டுக்கொண்டு, "பேரிங் மேலே குத்தமே இல்லே. அது உட்கார்ற இடம் போயிடுச்சு" என்றார், சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்னாலேயே.

இந்தச் சமாசாரத்தைச் சமையலறை வழியாகச் சொன்னால் எளிதில் விளங்கும். ஆட்டுக்கல்லில் அரைக்கிறோம். குழவி சுற்றுகிறது, கல் அசையாமல் தரையில் பதிந்திருக்கிறது. குழவி சுற்றினால் மாவு ஆகும். கல்லே பள்ளத்துக்குள் சுற்ற ஆரம்பித்தால்? தரைதான் மாவு ஆகும்! பேரிங் என்பதும் அப்படித்தான். உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், நடுவில் உருளைகள். உருளைகள்தான் உருள வேண்டும். வெளி வளையத்தைக் 'கப்' என்கிறார்கள். அது சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் கெட்டியாகப் பிடித்து உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் பிடி தளர்ந்து கப்பே சுற்றத் தொடங்கினால், ஹப்பின் உள் சுவர் தேய்கிறது. தேயத் தேய ஆட்டம். ஆட ஆடத் தேய்மானம். அதில் எவ்வளவு உயர்ந்த பேரிங் போட்டாலும் அற்பாயுசுதான்.

கழற்றிப் பார்த்தபோது மேஸ்திரி சொன்னபடியே இருந்தது. கப் உட்காரும் இடம் கண்ணாடி போல் வழவழவென்று தேய்ந்து, ஓரத்தில் பழுப்பு நிறத்தில் இரும்புப் பொடி அப்பியிருந்தது. அதோடு, உளி பட்ட வடு இரண்டு. முன்பு யாரோ பழைய கப்பைக் கழற்றும்போது, இழுக்கும் கருவியைத் தேடச் சோம்பல்பட்டு உளியை வைத்துச் சாத்தியிருக்கிறார்கள். வியாதிக்கு விதை போட்டது அந்த உளியாகத்தான் இருக்க வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே வரிசையாகப் புள்ளிகள், கோலத்துக்கு வைத்தது போல.

"இது என்ன?" என்று டீச்சர் கேட்டார்.

"பஞ்ச் அடிச்சிருக்காங்க. இடம் லூஸ் ஆனா, சுத்தியும் புள்ளி அடிச்சு, மேடு கிளப்பி, அதுமேலே கப்பைத் தட்டி உட்கார வைக்கிறது. போய்ச் சேர்ற வரைக்கும் தாங்கும். அதையே வைத்தியம்னு சொல்லிக் காசு வாங்கக் கூடாது."

இந்தக் குறுக்கு வழிகளுக்குப் பஞ்சமே இல்லை. சிலர் தகரத்தை வெட்டிச் சந்தில் செருகுவார்கள். சிலர் வெல்டிங் வைத்து மேடாக்குவார்கள். வார்ப்பு இரும்பாக இருந்தால் அந்தச் சூட்டில் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும். மயிரிழைத் தேய்மானத்துக்கென்று தயாரித்த பசை ஒன்று உண்டு. அது நியாயமான சரக்குதான். ஆனால் நகம் நுழையும் அளவு சந்து விழுந்த பிறகு அது பயன்படாது. முன் சக்கரம் என்பது வீட்டுக் கதவின் கீல் அல்லவே, இன்றைக்கு ஒட்டி நாளைக்குப் பார்த்துக்கொள்ள! பேரிங் சூடேறி இறுகிக் கொண்டாலும் சரி, நொறுங்கிச் சக்கரம் சாய்ந்தாலும் சரி, ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் கையில் ஒன்றும் இல்லை.

மேஸ்திரி இரண்டு வழி சொன்னார். ஒன்று, வேறு ஹப் போடுவது. சென்னைப் புதுப்பேட்டையிலும் பெங்களூர் சிவாஜி நகரிலும் பழைய கார்களின் உறுப்புக்கள் கிடைக்கும். மற்றொன்று, இதே ஹப்பைக் கடைசல் பிடித்து, உள்ளே எஃகுக் குழல் ஒன்றை இறுக்கி, புது ஆசனம் செய்து கொடுப்பது.

"எது உசத்தி?" என்று டீச்சர் கேட்டார்.

"நல்ல ஹப் கிடைச்சா அதுதான் உசத்தி. கிடைக்கணுமே!"

ஒன்று ஏற்கெனவே தருவித்து வைத்திருந்தார். எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். வெளியே பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தது. மேஸ்திரி புதுக் கப் ஒன்றை எடுத்து அதில் வைத்தார். சுத்தியல் வேண்டியிருக்கவில்லை, விரலால் தள்ளியதும் 'தொபுக்' என்று உள்ளே போய் விழுந்தது. இதற்கும் அதே வியாதி. பெண் பார்க்கப் போன இடத்தில் பவுடரைத் துடைத்துப் பார்த்த கதைதான்.

ஆக, கடைசல்தான். ஆனால் டீச்சர் ஒரு நிபந்தனை போட்டார். "ஹப்பில் எங்கேயாவது விரிசல் இருக்கான்னு முதல்ல பாருங்க, மேஸ்திரி. இருந்தா வேலையை நிறுத்திடுங்க. வண்டியை எடைக்குப் போட்டுடறேன்."

காருக்குள்ளிருந்து அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

கடைசல் பட்டறை இரண்டு தெரு தள்ளி. ஓசூர்ப் பகுதியில் இப்படி ஒற்றை லேத் வைத்துக் கூலிக்கு வேலை செய்யும் பட்டறைகள் நிறைய உண்டு. பெரிய தொழிற்சாலைகளில் கம்ப்யூட்டர் சொன்னபடி யந்திரம் கடைகிறது. இங்கே கண்ணும் கையும் சொன்னபடி கடைகிறது. பட்டறைக்காரர் ஹப்பை நன்றாகத் துடைத்துவிட்டு அதன்மேல் சிவப்புச் சாயம் ஒன்றை அடித்தார். சற்றுப் பொறுத்துச் சாயத்தைத் துடைத்தார். பிறகு வெள்ளை மருந்து ஒன்றைத் தெளித்தார். விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கிய சிவப்பு, வெள்ளையின்மேல் கோடாகக் கசிந்து வருமாம். வேர்வையில் கரைந்த குங்குமம் மாதிரி.

பத்து நிமிஷம். டீச்சர் பென்ஸிலைக் கையில் வைத்துக்கொண்டு ஹப்பையே பார்த்துக் கொண்டிருந்தார். போல்ட் துவாரங்களைச் சுற்றித்தான் முதலில் விரிசல் காணுமாம். அங்கேதான் எல்லோர் கண்ணும். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"சுத்தம்" என்றார் பட்டறைக்காரர். டீச்சர் நோட்டில் எதையோ எழுதினார்.

இந்த இடத்தில் மாட்டு வண்டியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வண்டிச் சக்கரத்தின் நடுப் பாகத்துக்குக் 'குடம்' என்று பெயர். குடத்திலிருந்து ஆரக்கால்கள், ஆரக்கால்களைச் சுற்றி வட்டை, வட்டையைச் சுற்றி இரும்புப் பட்டை. மரம் தேயக் கூடாதென்று குடத்துக்குள் இரும்புக் குழல் ஒன்றை இறுக்குவார்கள். அது தேய்ந்தால் குழலை மாற்றுவார்களே தவிர, குடத்தைத் தூக்கி எறியமாட்டார்கள். அம்பாஸடர் ஹப்புக்கு மத்திகிரியில் செய்த வைத்தியமும் அதுவேதான். குடம் மரத்திலிருந்து இரும்பாயிற்று, அவ்வளவுதான் வித்தியாசம்.

சொல்லப் போனால் பேரிங் என்ற வஸ்துவே வண்டிக்காரர்கள் கண்டது. 1794-ல் பிலிப் வாகன் என்ற வேல்ஸ் தேசத்து இரும்புத் தொழில்காரர், கோச்சு வண்டியின் அச்சுக்கு இரும்புக் குண்டுகள் வைத்துப் பேடண்ட் வாங்கினார். அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரத்தில் வண்டி செய்து கொண்டிருந்த ஹென்றி டிம்கென், வண்டி வளைவில் திரும்பும்போது சக்கரத்தைப் பக்கவாட்டில் நெருக்கும் பாரத்தையும் தாங்க வேண்டுமென்று, கூம்பு வடிவ உருளைகளை வைத்து 1898-ல் பேடண்ட் எடுத்தார். இரண்டு பேரும் அதைச் செய்தது குதிரை வண்டிக்காக. குதிரைப் பண்ணை இருந்த ஊரில் உட்கார்ந்து இதை எண்ணிப் பார்ப்பது வேடிக்கையாக இருக்கிறது.

லேத்தில் ஹப்பைப் பூட்டுவதற்கே அரை மணிக்கு மேல் பிடித்தது. கடைவது பெரிய காரியமல்ல. நேராகக் கடைவதுதான் பெரிய காரியம். ஹப்பில் இரண்டு பேரிங். உட்புறம் பெரியது, வெளிப்புறம் சிறியது. கெட்டுப்போனது பெரியதன் இடம். சிறியதன் இடம் நன்றாக இருந்தபடியால், அதையே ஆதாரமாக வைத்து முள் கடிகாரம் போன்ற ஒரு மானியைச் சுற்றிச் சுற்றி ஓட்டி, முள் அசையாமல் நிற்கும் வரை நகர்த்தினார். இரண்டு ஆசனங்களும் ஒரே அச்சில் நிற்காவிட்டால் சக்கரம் கோணலாகச் சுற்றும். புதுப் பேரிங்கும் பழைய கதைதான். பிறகு தேய்ந்த சுவரைப் பெரிதாகக் கடைந்தார். மிச்சச் சுவர் எத்தனை கனம் இருக்கிறது என்று அளந்தார். அது மெல்லியதாக இருந்தாலும் வேலையை நிறுத்த வேண்டியதுதான். இருக்கவில்லை.

எஃகில் செய்த குழல், துவாரத்தைவிட இம்மியளவு பெரியது. பெரியதைச் சிறியதற்குள் நுழைப்பது எப்படி? வண்டிப் பட்டை போடும் ஆசாரிக்கு இது தெரியும். பட்டையைச் சிறியதாகச் செய்து, வரட்டி மூட்டத்தில் பழுக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் சக்கரத்தின்மேல் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார். சுருங்கிக் கவ்விக் கொள்ளும். இங்கே அதற்குத் தலைகீழ். குழலைப் பாலிதீன் பையில் சுற்றி, ராத்திரி முழுவதும் மேஸ்திரி வீட்டு பிரிஜ்ஜில் ஐஸ் பெட்டிக்குள் வைத்தார்கள்.

"குழந்தைகளுக்கு ஐஸ்கிரீம் வெக்கிற இடத்துல இவருக்கு இரும்பு வெக்கணும்" என்று மேஸ்திரியின் மனைவி என்னிடம் முறையிட்டார். ஆனால் பையில் ஈரம் படாமல் சுற்றி வைத்தவரும் அவர்தான்; வருஷக்கணக்கில் பழக்கமாம்.

டீச்சருக்கு இந்த ஐஸ் விஷயம் நம்பிக்கைப்படவில்லை. நோட்டில் கணக்குப் போட்டார். எஃகு, மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.012 மில்லிமீட்டர் சுருங்கும். குழல் 70 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 27 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்குக் கீழே 18 வரை 45 டிகிரி இறங்கினால், 0.038 மில்லிமீட்டர். நம் தலைமயிரின் கனத்தில் ஏறக்குறையப் பாதி!

"இது போதுமா?" என்றார்.

"பத்தாது. அதுக்குத்தான் ஹப்பைச் சூடு பண்றது" என்றார் மேஸ்திரி. கொதிக்கும் தண்ணீரில் ஹப்பைப் போட்டு எடுத்து, சட்டென்று துடைத்து, ஐஸிலிருந்து குழலை உருவி உள்ளே விட்டார். சத்தமே இல்லாமல் போய் அடியில் உட்கார்ந்தது. ஒன்று ஆறி, மற்றொன்று வெதுவெதுப்பாகி, இரண்டும் ஓர் உஷ்ணத்துக்கு வந்ததும் சுத்தியலால் அடித்தாலும் அசையவில்லை. அதற்கப்புறம் குழலின் உட்புறத்தைப் பேரிங்கின் அளவுக்குக் கடைந்தார்கள். இந்தத் தடவை கப் விரலுக்கு மசியவில்லை. அழுத்தும் யந்திரத்தில் வைத்துத்தான் இறக்க வேண்டியிருந்தது. மேஸ்திரி முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

சக்கரம் பூட்டுவதை டீச்சர் பக்கத்தில் நின்று பார்த்தார். மேஸ்திரி உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் ஓரத்தால் அதை வழித்து வழித்து, உருளைகளுக்கு நடுவே மறுபக்கம் பிதுங்கும் வரை ஊட்டினார். தண்ணீர் புகாமல் இருக்கப் புது ஸீல் போட்டார். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை முறுக்கி, பிறகு சற்றுத் தளர்த்தி, கையால் மட்டும் இறுக்கிப் பின் போட்டு மடக்கினார். ரொம்ப இறுக்கினால் பேரிங் வெந்து போகும், தளர்ந்தால் ஆடும். பெரும்பாலான பேரிங்குகள் சாவது இந்த ஒரு நட்டில்தான் என்றார்.

இப்போது வரும் கார்கள் பலவற்றில் இந்த வேலையே கிடையாது. பேரிங்கும் ஹப்பும் ஒன்றாகச் செய்து மூடி வருகின்றன. கெட்டால் மொத்தமாகக் கழற்றிப் போட்டு வேறு மாட்டிவிடலாம். அது சௌகரியம்தான், பத்திரமும்தான். மேஸ்திரி அதைக் குறை சொல்லவில்லை. அவர் கொட்டகையில் இருந்த பையன் மட்டும், "இதையெல்லாம் நான் யாருக்குச் சார் செய்யப் போறேன்?" என்று கேட்டான். மொபெட் ஒன்றின் சக்கரத்தைக் கழற்றிக் கொண்டே கேட்டான்.

பில் வந்தது. டீச்சர் பழைய பக்கத்தைப் புரட்டி, முன்னே மூன்று பேரிங்குக்கும் கூலிக்கும் கொடுத்ததைக் கூட்டினார். இந்த ஒரு வேலைக்கு ஆனதைவிட அது அதிகம். மேஸ்திரியிடம் காட்டவில்லை, எனக்கு மட்டும் காட்டினார்.

"போற வழியில நிறுத்தி ரெண்டு பக்கமும் தொட்டுப் பாருங்க, டீச்சரம்மா. சூடு இருக்கும்; பிரேக்காலேயும் வரும். ஆனா ரெண்டும் ஒரே சூடா இருக்கணும். ஐந்நூறு கிலோமீட்டர் ஆனதும் ஒரு தடவை கொண்டு வாங்க" என்றார் மேஸ்திரி.

தேன்கனிக்கோட்டைச் சாலையில் பன்னிரண்டு கிலோமீட்டர் போனோம். முன்பெல்லாம் வலது பக்கம் திரும்பும்போது இடது சக்கரம் 'ஊம்ம்' என்று முனகுமாம். பாரம் அந்தப் பக்கம் சாய்வதால் அப்படி. டீச்சர் வேண்டுமென்றே ஒரு வளைவில் வலது பக்கம் ஒடித்துத் திருப்பினார். என்ஜின் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. ஒரு மரத்தடியில் நிறுத்தி இறங்கி, குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி புறங்கையை இடது சக்கரத்தின் நடுவில் வைத்தார். பிறகு காரைச் சுற்றிப் போய் வலது சக்கரத்தில் வைத்தார். மறுபடி இடது பக்கம் வந்தார். அப்புறம் பென்ஸிலை எடுத்தார்.

"கைச்சூடு பார்த்தது போதும். முன்னாலே காப்பிக் கடை தெரியறது, அங்கே நிறுத்து" என்று அக்காவின் குரல் உள்ளேயிருந்து கேட்டது.